சடை நாய்க்கு மொட்டை

என் தம்பிக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். நான் அவனுக்கு அக்கா. ஊருக்குள் கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். நாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் தம்பியைச் சொல்லாமல் அந்த நாயைச் சொல்ல முடியாது.

பஞ்சர் கடைக்குக் காது வேண்டும். இது அந்தத் தொழில் பண்ணாதவர்களுக்குத் தெரியாது. வண்டிக்காரன் எவனும் இறங்கி வந்து "அண்ணே" என்று கூப்பிடமாட்டான். ரோட்டோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரன் அடிப்பான். ரெண்டு தடவை அடித்தும் ஆள் திரும்பவில்லை என்றால், அவன் அப்பன் வீட்டுச் சொத்தை நாம் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு முறை முறைத்துவிட்டு, டயர் கிழிந்தாலும் பரவாயில்லை என்று அடுத்த கடைக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவான். போனவன் சும்மா போகிறானா, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே போவான்.

தம்பி வேலை கற்றுக்கொண்ட கடைகளில் எல்லோரும் அவன் கையைப் புகழ்வார்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று மற்றவர்கள் காதை வைத்துக் கேட்பார்கள், இவன் கன்னத்தை வைத்துப் பார்ப்பான். தண்ணீரில் முக்குவதற்கு முன்பே இடத்தைக் காட்டிவிடுவான். இருந்தும் அவனை நம்பிக் கடையை விட்டுவிட்டு ஒருத்தரும் டீ குடிக்கக்கூடப் போனதில்லை. பின்னால் லாரி ரிவர்ஸ் வந்தாலும் அவனுக்குத் தெரியாதே. நைனா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு ரெண்டு வேளை சோறு போட்டுடும்மா" என்றார். தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் சில வருஷம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். என் வீட்டுக்காரர் நல்லவர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் தம்பி எங்கள் வீட்டில் ரெண்டாவது தடவை சோறு வாங்கமாட்டான். தட்டை அவனே கழுவி, பாத்திரக் கூடையில் அல்ல, ஓரமாகத் தனியே கவிழ்த்து வைப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனிடம் சண்டை போட்டால் கையை ஆட்டிச் சிரித்துவிடுவான். கை பேச்சில் கத்த முடியாது என்பது எனக்கு ஒரு பெரிய கஷ்டம்.

இந்த நிலைமையில்தான் அந்த நாய் வந்தது. வெள்ளை நிறம், உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. எங்கள் பக்கம் சடை நாய் என்போம். புது வீடு கட்டிய ஒருத்தர் ஆசைக்கு வாங்கி வளர்த்து, வேலை மாற்றலாகிச் சென்னைக்குப் போகும்போது தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு முடியை வைத்துக்கொண்டு செஞ்சி வெயிலில் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெருவே பேசிக்கொண்டது. அது தம்பி வேலை பார்த்த கடைக்கு வந்து அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

அதற்கு ஆரன் சத்தம் என்றால் பயம். எந்த வண்டி ஆரன் அடித்தாலும் ஓடிவந்து முன்னங்காலால் தம்பியின் காலைப் பிறாண்டும். தம்பி நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒரு வண்டி நிற்கும். ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை, எப்போதும். தம்பி விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். பிறாண்டும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் கொடுத்தான். கொஞ்ச நாளில் பயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஆரன் அடித்தால் ஒரு தட்டு. ஆள் வந்து நின்று குரல் கொடுத்தால் ஒரு தட்டு. பின்னால் வண்டி நகர்ந்தால் விடாமல் தட்டும். பேர் கீர் ஒன்றும் வைக்கவில்லை. கூப்பிடவேண்டியவன் கைதானே தட்டுவான், அதற்கு எதற்குப் பேர்?

நாயை நம்பித்தான் தம்பி தனியாகக் கடை போட்டான். தகரம் போட்ட ஒரு கொட்டகை, ஒரு கம்ப்ரசர், பாதியாக வெட்டிய பேரலில் ட்யூப் முக்கத் தண்ணீர், பின்னால் படுக்க ஓர் அறை. என் வீட்டிலிருந்து அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போன நாளில் நான் அழுதேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இருக்காதா பின்னே, அத்தனை வருஷம் சோறு போட்டவள் நான்.

அந்த நாய் வெயிலை எப்படிச் சமாளித்தது என்பதை மத்தியானச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அதற்கென்று ஒரு வேலைத்திட்டமே இருந்தது. காலையில் கொட்டகைக்கு வெளியே இருக்கும். வெயில் ஏற ஏற உள்ளே வரும். உச்சி நேரத்தில் பேரலிலிருந்து தண்ணீர் சிந்திச் சிந்தி ஊறிய ஈர மண்ணை முன்னங்காலால் பறித்து, அந்தக் குழியில் வயிற்றை வைத்துக் கால்களைப் பரப்பிப் படுத்துவிடும். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு 'ஹெஹ் ஹெஹ்' என்று இரைக்கும். ரொம்பச் சூடு என்றால் பேரலுக்குள்ளேயே இறங்கி நின்றுகொள்ளும். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், "இன்னாபா, நாய்க்கும் பஞ்சரா?" என்று சிரிப்பார்கள். ஏறி வெளியே வந்ததும் ஒரு உதறு உதறும், சிரித்தவன் சட்டை நனைந்துவிடும். சிமெண்ட்டில் நடந்து போனால் காய்ந்த காலிலும் ஈரத் தடம் விழும். எங்கே மிதித்தது என்று அப்போது யோசித்தேன். அது பாதத்தில் வேர்க்கிற வேர்வை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

தம்பி கடை ஒரு வருஷம் நிலைத்தால் அவனுக்கு மொட்டை போடுவதாக மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வருஷம் ஓடிவிட்டது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேல்மலையனூர் போனோம். தம்பி மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு, கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு நாயோடு வந்து நின்றான். தன் தலையைத் தொட்டுக் காட்டினான். நாயின் முதுகைத் தொட்டான். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். கடையில் ரெண்டு பேர் வேலை பார்த்தோம், ஒருத்தனுக்கு மட்டும் மொட்டை போட்டால் அம்மன் ஒத்துக்கொள்வாளா என்று கேட்கிறான். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. சிரித்தாலும், அது நியாயம்தான் என்று பட்டது. கத்திரி வெயில் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்த கம்பளிய கழட்டினாத்தான் அதுக்கு காத்தோட்டமா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அவரிடம் முடி வெட்டும் மெஷின் இருந்தது. வாசலில் சாக்கு விரித்து உட்காரவைத்து, தலையிலிருந்து வால்வரை ஒட்ட வழித்துவிட்டார். நாய் ஒன்றும் செய்யவில்லை. தம்பி அதன் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முடி போனதும் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சின்ன உடம்பு. ரோஸ் கலரில் தோல். இத்தனை நாள் நாங்கள் பார்த்ததில் பாதி முடிதான் போலிருக்கிறது. மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து அதன் மண்டையிலும் ஒரு பொட்டு வைத்தேன். தம்பியும் நாயும் ஒன்றாக நடந்து போனதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

ஆனால் கடைப் பக்கத்து நாய்கள் சிரிக்கவில்லை. அவற்றுக்கு இது யாரென்று தெரியவில்லை. ஒரு வருஷமாகப் பார்த்த நாயைப் புதுசாக வந்த நாய் என்று நினைத்துச் சுற்றி வளைத்துக் கடிக்க வந்தன. தொடையில் ஒரு கடி. அதனால் தம்பி அதைக் கட்டிப்போட்டான். அவன் கடைக்கு வந்த பிறகு அதன் கழுத்தில் முதல் தடவையாகக் கயிறு ஏறியது அப்போதுதான். கம்ப்ரசருக்குப் பக்கத்தில், தகரத்துக்குக் கீழே, தன் கைக்கு எட்டுகிற தூரத்தில் கட்டினான். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கட்டினான். அங்கிருந்து ஈர மண்ணுக்குக் கயிறு எட்டாது. பேரலுக்கும் எட்டாது.

அந்த வாரமே அமாவாசை வந்தது. அமாவாசை என்றால் அங்காளம்மன் கோயிலுக்கு ஊர் ஊராகக் கூட்டம் வரும், அந்த ரோட்டைப் பற்றிக் கேட்கவேண்டாம். ஸ்பெஷல் பஸ், வேன், குட்டியானை லோடு வண்டி, குடும்பத்தையே ஏற்றிய பைக் என்று விடிந்ததிலிருந்து ஒரே நெரிசல். அந்த வெயிலில் தாரில் ஓடிய டயர்கள் படார் படாரென்று வெடிக்கும். தம்பிக்கு அன்றைக்குக் குனிந்த தலை நிமிரவில்லை.

நான் சோற்றுக்கூடையோடு போய் இறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது. தகரம் தகதகவென்று இருந்தது. கம்ப்ரசர் ஓடி ஓடி அதுவும் அனல் விட்டுக்கொண்டிருந்தது. தம்பி ஒரு வேனுக்கு அடியில் இருந்தான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. நாய் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நாக்கு கரண்டி மாதிரி அகலமாகி வெளியே கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கஞ்சியாக ஒழுகியது. ஈறு ரத்தச் சிவப்பு. இரைப்பு வழக்கமான இரைப்பாக இல்லை, யாரோ உள்ளேயிருந்து இழுத்து இழுத்து விடுகிற மாதிரி இருந்தது. எழுப்பப் பார்த்தேன். பின்னங்கால் ரெண்டும் துணி மாதிரி மடிந்தது. ஐயய்யோ என்று நான் போட்ட கூச்சலில் வேனிலிருந்த கூட்டமெல்லாம் இறங்கிவிட்டது.

"வெறி புடிச்சிருக்குது, வாய பாரு எப்டி ஒழுவுதுன்னு. கிட்ட போவாதம்மா" என்றார் ஒரு ஆள்.

"உனக்குத்தான்யா புடிச்சிருக்குது. வெயில்ல சுருண்டு கெடக்குது, கண்ணு தெரியல?" என்றேன்.

வேனுக்கு அடியில் கையை விட்டுத் தம்பியின் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் வருவதற்குள் நான் செய்தது இதுதான். கடையில் கிடந்த ரெண்டு கோணியைப் பேரலில் முக்கி, தலை மட்டும் தெரிகிற மாதிரி நாயைச் சுற்றிப் போர்த்தினேன். எங்கள் ஊரில் எது வாடினாலும் ஈரக் கோணிதான். தண்ணீர்ப் பானைக்கு ஈரக் கோணி, பூ மூட்டைக்கு ஈரக் கோணி, கீரைக் கட்டுக்கு ஈரக் கோணி. நாய்க்கும் அதுதான் என்று கை தானாகச் செய்தது. கூட்டத்தில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி இன்னொரு கோணி கொண்டுவந்து மேலே போட்டாள். எதிர்க்கடையிலிருந்து ஒரு ஆள் ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

தம்பி வந்து நாயின் முன்னால் உட்கார்ந்தான். கோணிக்கு அடியில் கையை விட்டான். விட்ட கையை வெடுக்கென்று எடுத்து என் கையைப் பிடித்து உள்ளே வைத்தான். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. மேலே கோணி ஈரமாக இருக்கிறது, உள்ளே நாய் வெந்துகொண்டிருக்கிறது. தம்பி கோணிகளை உருவி எறிந்துவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே ஓடினான். பாதி கழற்றிய சக்கரத்தோடு நின்ற வேன்காரர், "எங்க வண்டி இன்னாவறது?" என்று கத்தினார். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? "வந்து மாட்டுவான், நில்லுய்யா" என்று நான் கத்திவிட்டு அவன் பின்னால் ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோ போகும் வழியெல்லாம் தம்பி நாயை மடியில் படுக்கவைக்கவில்லை. மடியிலும் சூடு என்று நினைத்தானோ என்னவோ, ரெண்டு கையிலும் ஏந்தி ஆட்டோவின் ஓரத்தில் காற்றுப் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டான். நாய் ஒரு தடவை வாந்தி எடுத்தது. நாய் போனால் கடை போகும், கடை போனால் இவன் மறுபடியும் என் வீட்டில் தட்டை ஓரமாகக் கவிழ்ப்பான். அதுதான் என் மனசில் ஓடியது. நாயின் வலியைக்கூட அப்புறம்தான் நினைத்தேன்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. நாயைப் பார்த்ததுமே முகம் சிவந்துவிட்டது. உடனே குழாயடியில் கிடத்தி, ரப்பர் குழாயால் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் விட்டார். சும்மா குழாய்த் தண்ணீர். கம்பவுண்டர் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதன் மேல் திருப்பிவிட்டார். நனைப்பதும் காற்று விடுவதும், மறுபடி நனைப்பதும் காற்று விடுவதுமாக இருந்தார்கள். பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து, இறங்கியதும் தண்ணீரை நிறுத்தினார். காலில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா இதுக்கு முடிய வழிச்சது?"

"வேண்டுதல்மா. சாமிக்கு."

"சாமி வந்து நாய் முடியக் கேட்டுச்சா?"

"நீங்க இன்னாமா இப்டி பேசறீங்க? வெயிலுக்கு நல்லதுன்னுதானே..."

"நல்லதா? நீங்க வெயில்ல போனா கொடை புடிக்கிறீங்க இல்ல? அதுக்கு அந்த முடிதான் கொட. மேல நீளமா ஒரு அடுக்கு, உள்ள பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு. வெயில் தோலுக்குப் போவாம அது தடுக்கும். சீவி விட்டிருந்தா போதும், உள்ள காத்து போவும். நீங்க கொடயப் புடுங்கிட்டு வெயில்ல நிக்க வெச்சிட்டீங்க."

எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். "ஈரக் கோணி போட்டேனே, அதுக்கப்புறமும் ஏம்மா சூடு ஏறுது?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

"பானையில உள்ளேர்ந்து சூடு வராதும்மா, அதனால கோணி போட்டா குளுரும். நாய் உள்ள அடுப்பு எரியுது. அதுக்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், அவ்ளோதான். மத்தபடி வாயத் தொறந்து மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளணும். நாக்கு ஈரம் காயக் காயத்தான் அதுக்குக் குளுரும். நீங்க சுத்திப் போத்திட்டா காத்து எங்க போவும், ஆவி எங்க போவும்? நனைச்சிட்டு விசிறியிருக்கணும். ஐஸ் கீஸ் வெக்கலியே? நல்லவேள. ஐஸ் பட்டா மேல் ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிடும், சூடு உள்ளயே நின்னுடும்."

பதிலுக்குச் சண்டை பிடிக்காமல் முந்தானையால் நாயின் முகத்தைத் துடைத்தேன். எனக்கு அது அபூர்வம்.

தம்பி எங்கள் ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தோளைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டான். எனக்குக் கை வரவில்லை. ஜாடை தெரியாமல் இல்லை, சொல்ல மனசு வரவில்லை. டாக்டரம்மாவுக்கு அவன் நிலைமை அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு முன்னால் வந்து, அவன் மொட்டைத் தலையைக் காட்டினார், வெளியே வெயிலைக் காட்டினார், நாயைக் காட்டினார். தம்பி தலையாட்டினான். பிறகு கீழே உட்கார்ந்து நாயின் பாதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். குளுக்கோஸ் இறங்கும்வரை அப்படியே இருந்தான். நானும் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

உயிர் பிழைத்தது. பிழைக்கும் என்று அன்றைக்கு டாக்டரம்மா சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். முதலில் தலையைத் தூக்கியது, பிறகு குடித்தது, பிறகு போதை ஏறியவன் மாதிரி தள்ளாடி நடந்தது. தம்பி காலையும் மாலையும் வந்து பார்ப்பான். நடுவில் கடையைத் திறந்தான். ஆரன் அடித்து அடித்துத் திரும்பிப் போனவர்களைப் பற்றி எதிர்க்கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

நாய்க்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்குச் சமையற்கட்டில்தான் தெரிந்தது. எவர்சில்வர் தட்டு கை தவறி விழுந்தது. தெரு முழுக்கக் கேட்கிற சத்தம். அடுப்புக்கு எதிரே படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு தட்டை வேண்டுமென்றே போட்டேன். அது வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சூடு மூளைவரை போய்விட்டால் சிலதுக்குக் கண் போகும், சிலதுக்குக் காது போகலாம், திரும்ப வந்தாலும் வரும், நம்பிச் சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தம்பியிடம் நான் சொல்லவில்லை. அவனாகக் கண்டுபிடிக்கவும் முடியாது. சத்தம் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? நாய் நடக்கிறது, தின்கிறது, வாலாட்டுகிறது, அவனுக்கு அது போதும். குணமாகிவிட்டது என்று சந்தோஷமாகக் கடைக்குக் கூட்டிப் போனான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கொக்கி வைக்கவேண்டிய ஜாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கடையில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே நடந்தது. ஒரு லோடு வண்டி திரும்புவதற்காகப் பின்னால் வந்தது. தம்பி பேரலில் குனிந்து ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாய் அவன் காலடியில், சக்கரம் வரும் பாதையில். "டேய்!" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? ரெண்டு பேருமே திரும்பவில்லை. அந்த ஒரு நொடி, உலகத்தில் என் குரல் மட்டும் தனியாக நிற்கிற மாதிரி இருந்தது. கையில் கிடைத்த சோற்று டப்பாவை எடுத்து தம்பியின் முதுகில் எறிந்தேன். திரும்பினான், பார்த்தான், நாயின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தான். சக்கரம் பேரலை இடித்து நின்றது. தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடியது.

டிரைவரை நான் பேசிய பேச்சு இங்கே எழுத லாயக்கில்லை.

தம்பி நாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டவில்லையே ஏன் என்று யோசித்தான் போல. பிறகு அதன் தலைக்குப் பின்னால் ரெண்டு கையையும் கொண்டுபோய்க் கைதட்டினான். பட்டென்று ஒரு தட்டு. அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்காது, அதனால் நாயின் காதையே பார்த்தான். காது திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினான். என்னைப் பார்த்தான். தன் காதைத் தொட்டு, நாயைக் காட்டினான். நான் தலையாட்டினேன்.

அவன் அழுவான் என்று பயந்தேன். அழவில்லை. நாயின் முகத்தை ரெண்டு கையிலும் பிடித்து நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். எனக்கு அதைப் பார்க்க முடியாமல் சிதறிய சோற்றை வாரப் போய்விட்டேன்.

அந்த வாரமே நான் அலைந்து ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தேன். நல்ல சுறுசுறுப்பு, இலை விழுந்தாலும் குலைக்கும். வெயிலுக்குப் பொறந்த ஜாதி. அதைக் கடையில் கட்டிவிட்டு, சடை நாயை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கை காட்டினேன். தம்பி குட்டியை அவிழ்த்து என் கூடையில் வைத்தான். வேண்டாம். என்னைக் காட்டி, வீடு இருக்கும் திசையைக் காட்டி, ஒரு தட்டை ஓரமாகக் கவிழ்க்கிற மாதிரி செய்து காட்டினான். நான் பார்த்ததும் எரிந்ததும் அத்தனை வருஷமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வேதனையை இந்த நாய்க்குக் கொடுக்கமாட்டானாம். குட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். வேறென்ன பண்ணுவது.

கடையைத்தான் அவன் மாற்றினான். ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் பேரலை இந்தப் பக்கம் இழுத்துப்போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தான். பழைய லாரியின் சைடு கண்ணாடி ரெண்டை வாங்கி, பின்னால் வருவது தெரிகிற மாதிரி கம்பத்தில் கட்டினான். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போட்டான். நாய்க்குக் கயிறு கிடையாது. முடி வளர்ந்தது, ஆனால் திட்டுத் திட்டாகத்தான் வளர்ந்தது. முதுகில் ஓர் இடத்தில் இன்னும் வெறும் தோல். வெயில் நேரத்தில் அங்கே ஒரு பழைய சட்டைத் துணியை நனைத்துப் போட்டு, உடனே எடுத்து, அட்டையால் விசிறிவிடுவான். வண்டிக்காரர்களில் சிலர் வரவே இல்லை. சிலருக்குப் பழகிவிட்டது. கடை முன்பு மாதிரி ஓடவில்லை, ஆனால் ஓடுகிறது. அவன் பாய் அங்கேதான் இருக்கிறது.

இந்த வருஷக் கத்திரியில் ஒரு நாள் சோறு கொண்டுபோனேன். கடை முன்னால் ஒரு லாரி நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. கீற்று நிழலில், ஈர மண்ணில் பள்ளம் பறித்து நாய் வயிற்றை வைத்துத் தூங்கியது. அதன் பக்கத்தில் அதே ஈர மண்ணில் முதுகை வைத்துத் தம்பியும் தூங்கினான். லாரியின் முன்சக்கரம் நாயின் வாலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"யக்கா, எவ்ளோ நேரமா அடிக்கிறேன், ஆளும் எழுந்திரிக்கல, நாயும் எழுந்திரிக்கல. இன்னா கடக்கா இது?" என்று டிரைவர் மேலேயிருந்து கத்தினார்.

"கேக்காதுப்பா. ரெண்டு பேருக்குமே கேக்காது. எறங்கி வந்து தொட்டு எழுப்பு."

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். வெறுங்காலோடு இறங்கித் தாரில் கால் வைத்தவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு வந்தார். குனிந்து தம்பியின் தோளைத் தொட்டார். தம்பி கண் திறந்து அவரைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். டிரைவர் டயரைக் காட்டி அவசரம் என்று கை ஆட்டினார். தம்பி அவரை இரு என்று நிறுத்திவிட்டு, நாயின் பக்கம் திரும்பி அதன் முதுகில் மெல்ல ஒரு தட்டு தட்டினான். அது கண் விழிக்கும்வரை கையை எடுக்கவில்லை. எழுந்ததும் பேரலுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்தான். பிறகுதான் ஜாக்கியை எடுத்தான்.